தேவைக்கு மேல் ஓர் எஞ்சின்

ஆலிவ் செட்செல் வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போகிறவர்கள் வாயை அளந்து திறக்க வேண்டும். கிரேன்மியர் ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். ஒரு முறை பாதிரியாரின் மனைவி தெரியாத்தனமாக, "தட்டுல ஒரு கேக் எக்ஸ்ட்ராவா இருக்கே, எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டார்.

"எக்ஸ்ட்ரா இல்லீங்க. அஞ்சு பேர் வர்றதா சொன்னீங்க, அஞ்சு சுட்டேன். அது மிஸஸ் கட்ஃபோர்த்தோட பங்கு. அவங்க வரல. எடுத்துக்கங்க, ஆனா அவங்க பங்கைத்தான் சாப்பிடுறோம்னு தெரிஞ்சு சாப்பிடுங்க" என்றாள் ஆலிவ்.

பாதிரியாரின் மனைவிக்குக் கேக் தொண்டையில் இறங்கவில்லை.

1919 ஏப்ரல் 7, திங்கட்கிழமை, கிரேன்மியர் வடிகால் வாரியத்தில் எழுத்தராக ஆலிவ் சேர்ந்தாள். அப்போது வயது இருபத்திரண்டு. கிரேன்மியரில் ஆற்று நீர் வீட்டுக் கூரை மட்டத்தில் ஓடும், வயல்கள் அதற்குக் கீழே கிடக்கும். வயலில் விழுந்த மழையை வாய்க்கால்கள் எஞ்சின் வீட்டுக்குக் கொண்டு வரும், எஞ்சின் அதைத் தூக்கி ஆற்றில் கொட்டும். கொட்டாவிட்டால் பதினைந்து நாளில் ஊர் ஏரியாகிவிடும். எஞ்சின் வீட்டை ஒட்டிய சின்ன அறைதான் அவள் அலுவலகம். தினமும் காலை எட்டு மணிக்கு இரண்டு அளவுகள் எடுப்பாள். எஞ்சின் வீட்டுச் செங்கல் சுவரில் பதித்த பலகையில் ஆற்று மட்டம், வாய்க்கால் ஓரத்து அளவுக்கம்பத்தில் வாய்க்கால் மட்டம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரம். பதினேழு ஆண்டுகளில் மூன்று நாட்கள் மட்டும் அவள் பதிவேட்டில் காலி. தாயை அடக்கம் செய்த நாள் ஒன்று, காய்ச்சலில் கிடந்த நாள் இரண்டு. மறுநாள் மட்டத்தைப் பார்த்து உத்தேசமாக நிரப்பியிருக்கலாம். அவள் நிரப்பவில்லை. காரணத்தை எழுதி, காலியாகவே விட்டாள்.

சொற்களிலும் அவளுக்கு அந்தக் கறார் உண்டு. அது வந்த கதை வேறு. 1921இல் மக்கள்தொகைக் கணக்கு வந்தபோது, நாட்டில் ஆண்களைவிடப் பெண்கள் பல லட்சம் அதிகம் என்றும் அவர்கள் 'உபரிப் பெண்கள்' என்றும் பத்திரிகைகள் எழுதின. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பின் அவள் மாமா அதை உரக்கப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"உபரின்னா தேவை போக மிச்சம். தேவை எவ்வளவுன்னு அதுல போட்டிருக்கா, மாமா?" என்று கேட்டாள் ஆலிவ்.

மாமா தாளைத் திருப்பிப் பார்த்தார். போட்டிருக்கவில்லை. பன்றி விலைப் பக்கத்துக்குப் போய்விட்டார். ஆலிவ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதை ஒரு குறையாகவும் நினைக்கவில்லை. ஆனால் 'அதிகம்' என்று எந்த வாயிலிருந்து கேட்டாலும் அன்று முதல் அவள் மனம் முதலில் தேடுவது அதிகத்தை அல்ல, தேவையை. தேவை எவ்வளவு? அதை அளந்தவர் யார்? எந்தத் தேதியில்?

1936 அக்டோபர் 5, மேலிடத்து ஆற்று அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. சின்ன வாரியங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்க்கப் போகிறார்களாம். ஒவ்வொரு எஞ்சின் வீட்டிலும் தேவைக்கு மேல் இருக்கும் பொருள்களைப் பட்டியல் போட வேண்டும். படிவத்தில் நான்கு பத்திகள்: ஸ்பேர், சர்ப்ளஸ், எக்ஸெஸ், ரிடண்டன்ட். நாம் பேசுகிறபடி சொன்னால் மாற்று, உபரி, மிகை, தேவையற்றது. மற்ற ஊர் எழுத்தர்கள் நான்கும் ஒன்றுதானே என்று கைக்கு வந்த பத்தியில் எழுதி அனுப்பினார்கள். ஆலிவுக்கு அந்தப் படிவம் பலகாரத் தட்டு மாதிரி இருந்தது. நாற்பது பொருள்களை ஒன்பது நாளில் பிரித்தாள்.

நீராவி எஞ்சின்காரர் வால்டர் ஃபோவார்க் கதவில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார். வயது அறுபத்துமூன்று. அவர் அப்பாவும் அதே எஞ்சினுக்குக் கரி போட்டவர்.

"எல்லாம் ஒரே குப்பைதானே மிஸ்? நாலு தொட்டி எதுக்கு?"

"உங்ககிட்ட விலாங்கு மீன் பிடிக்கற கூடை எத்தனை இருக்கு, ஃபோவார்க்?"

"ஆறு."

"தண்ணிக்குள்ள எத்தனை?"

"நாலு. ஒண்ணு உடைஞ்சா போடறதுக்கு ஒண்ணு பரண்ல கிடக்கு."

"அது ஸ்பேர். சும்மா கிடக்கு, ஆனா காத்துக்கிட்டு கிடக்கு. ஆறாவது?"

"அது... சும்மாவே கிடக்கு."

"அது உபரி. யாருக்காவது குடுத்துடலாம், உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அதையும் சேர்த்து ஆறையும் ஒரே வாய்க்கால்ல இறக்கி, விலாங்கே இல்லாம பண்ணிட்டீங்கன்னா அது மிகை. இருக்கறதே கெடுதல். நாளைக்கு ஒருத்தன் மிஷின் வச்சு விலாங்கு பிடிக்க வந்தா, உங்க ஆறு கூடையும் தேவையற்றது. கூடை நல்லாத்தான் இருக்கும், அது செய்யற வேலையை வேற ஒண்ணு செஞ்சிடும்."

வால்டர் தலையை எஞ்சின் பக்கம் சாய்த்தார். "அப்போ நம்ம கிழவி எந்தப் பத்தி?"

அந்தக் கேள்விக்கு மறு வாரமே பதில் வந்தது. ஆற்று அலுவலக மேற்பார்வையாளர் பிங்ஹாம் நேரில் வந்தார். மெலிந்தவர், நாணயமானவர், பேனா மூடியைத் திருகியபடியே பேசுகிறவர். நாற்பது பொருள்களையும் சரிபார்த்து, "இப்படி ஒரு பட்டியல் நான் பார்த்ததே இல்ல, மிஸ் செட்செல்" என்றார். பிறகு நீராவி எஞ்சின் முன்னால் நின்றார். எண்பத்தைந்து வயது எஞ்சின். முப்பத்துமூன்று அடி உயரத் துடுப்புச் சக்கரம். 1924இல் இரண்டு டீசல் எஞ்சின்கள் வந்த பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை சோதனைக்குச் சுற்றுவதோடு சரி. அந்தச் சோதனையிலும் சக்கரத்தின் துடுப்பு வாய்க்கால் தண்ணீரைத் தொடாமல் காற்றைத்தான் அள்ளும். பிங்ஹாம் நாற்பத்தொன்றாவது இனமாக அதைத் தன் கையாலேயே எழுதி, தேவையற்றது என்ற பத்தியில் குறியிட்டார். பழைய இரும்புக்காரர்கள் மார்ச் 25 அன்று வருவார்கள். எழுத்தரின் கையெழுத்து மட்டும் வேண்டும்.

"ஒரு வாரம் குடுங்க. பார்க்காம போட மாட்டேன்" என்றாள் ஆலிவ்.

அவர் போனதும் வால்டர் வந்து நின்றார். தொப்பி கையில் இருந்தது. "மிஸ், ஸ்பேர்னு எழுதிடுங்க. ஒரு வார்த்தைதானே."

"ஸ்பேரா இருந்தா எழுதறேன். தேவையற்றதா இருந்தா தேவையற்றதுன்னு எழுதுவேன்."

"என் அப்பன் கட்டின கொதிகலன் அது!"

"அது பதிவேட்டுல இருக்கு. அதுக்கு இந்தப் படிவத்துல பத்தி இல்ல."

"கல்லு நெஞ்சு உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு வால்டர் போய்விட்டார். உண்மையில் அந்த எஞ்சின்மேல் ஆலிவுக்குப் பிரியம் ஒன்றும் கிடையாது. சோதனை நாளில் அதன் புகை அவள் வெள்ளைக் கழுத்துப்பட்டிகளைக் கரியாக்கும். சொல் சரியாக இருக்க வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். பதினேழு பதிவேடுகளையும் இறக்கி மேசையில் அடுக்கினாள். தேவையை அளக்காமல் தேவையற்றது என்று எழுத முடியாது.

மூன்றாம் நாள் ஓர் இடத்தில் அவள் விரல் நின்றது. 1925இல் ஓர் அங்குல மழையை இரண்டு டீசல்களும் முப்பத்தொரு மணி நேரத்தில் வெளியேற்றியிருந்தன. 1930இல் முப்பத்தேழு. போன ஆண்டு நாற்பத்துநான்கு. டீசல்காரர்கள் எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, தேய்மானம் இல்லை என்று எழுதிக் கொடுத்த தாளும் இருந்தது. தூக்க வேண்டிய உயரமோ அவள் கணக்கில் மாறவே இல்லை. அன்றும் பதினோரு அடி, இன்றும் பதினோரு அடி. அதே மழை, அதே எஞ்சின், அதே உயரம். பிறகு ஏன் பதின்மூன்று மணி நேரம் கூடுதல்?

நான்காம் நாள் ஏப்ரல் மாதப் பக்கங்களை மட்டும் எடுத்துப் படித்தாள். ஒவ்வோர் ஏப்ரலிலும் அவள் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. "உறைபனியால் அளவுக்கம்பம் மேலெழும்பியது. கொட்டாப்புளியால் அடித்து இறக்கப்பட்டது. 1¼ அங்குலம்." அடுத்த ஆண்டு 1 அங்குலம். அதற்கடுத்து 1½.

கிரேன்மியரில் இதை யாரும் கேள்வி கேட்டதில்லை. குளிர்காலத்தில் பனி மண்ணை இறுக்கும், கம்பத்தை மேலே தள்ளும், வசந்தத்தில் ஆட்கள் போய் இரண்டு அடி போட்டு மண் மட்டத்துக்கு இறக்குவார்கள். தாத்தா காலத்து வழக்கம். ஆலிவ் எழுந்து மேலங்கியை மாட்டிக்கொண்டு, கொதிகலன் அறையில் முகத்தைத் தூக்கி வைத்திருந்த வால்டரைக் கூப்பிட்டாள்.

"ஆத்தங்கரையில களிமண்ணுல வேலிக்கம்பம் நட்டிருக்கீங்களே. அதைப் பனி தூக்குதா?"

"களிமண்ணுலயா? நான் சின்னப் பையனா இருந்தப்போ நட்டது. அசையல."

"அங்கயும் அதே பனிதானே பெய்யுது?"

வால்டர் ஆற்றங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எஞ்சின் வீட்டு வாசல்ல எத்தனை படி, ஃபோவார்க்?"

"நாலு."

"நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு?"

"ஒண்ணுதான். மண்ணு கரைஞ்சு போகுதுன்னு நான்தான் ஒவ்வொண்ணா..." அவர் குரல் பாதியில் நின்றது. குனிந்து, தான் வைத்த படிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஏழு அங்குலம். மூன்று படிகள்.

ஆலிவ் கையிலிருந்த தாளை நீட்டினாள். பதினேழு ஏப்ரல்களின் கூட்டல். இருபத்தொன்றேகால் அங்குலம்.

"கம்பம் எழும்பவே இல்ல, ஃபோவார்க். நாமதான் இறங்கியிருக்கோம்."

எஞ்சின் வீடு ஆழத்துக் களிமண்ணில் இறக்கிய ஓக் மரத் தூண்கள்மேல் நிற்கிறது. அளவுக்கம்பத்தின் அடியும் அதே களிமண்ணில்தான். இரண்டும் அசையாது. வயலோ, மக்கிய நாணலால் ஆன கறுப்பு மண். தண்ணீரை இறைக்க இறைக்கக் காய்ந்து சுருங்கி அமிழ்கிறது. வாய்க்காலும் அதோடு இறங்க, கம்பத்தையும் கூடவே அடித்து இறக்கியதால் கணக்கில் உயரம் மாறவே இல்லை. இருவரும் ஆற்றங்கரைமேல் ஏறி நின்றார்கள். பதினோராயிரம் ஏக்கர் கண்ணுக்கு எட்டியவரை கிடந்தது. உருளைக்கிழங்கு வயல்கள், முள்ளங்கி தின்னும் ஆடுகள், கட்ஃபோர்த் வீட்டுப் புகைபோக்கி, துணி உலர்த்தும் ஒரு பெண். எல்லாம் சேர்ந்து ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு கோப்பைகூட உடையாமல், பதினேழு ஆண்டுகளாகக் கீழே போய்க்கொண்டிருந்தன. இவ்வளவு பெரிய ஓர் அசைவை ஆலிவ் தன் கையாலேயே கால் அங்குலம் பிசகாமல் எழுதியிருக்கிறாள். எழுதியும் பார்க்கவில்லை.

"கடவுளே" என்றார் வால்டர். தொப்பியைக் கழற்றினார், தேவாலயத்துக்குள் போகிறவர்போல.

நவம்பர் 12, வியாழக்கிழமை, 'ஐந்து விலாங்கு' மதுக்கடையின் மாடியறையில் வாரியம் கூடியது. தலைவர் லெப்லா, பெரிய விவசாயி, ஒரு காது மந்தம். பிங்ஹாமும் வந்திருந்தார். ஆலிவ் எழுந்து நின்றாள்.

"1919லேருந்து இன்னிக்கு வரைக்கும் என் பதிவேட்டுல தூக்கு உயரம்னு இருக்கற பத்தி முழுக்கத் தப்பு. பதினோரு அடி இல்ல. இன்னிக்குப் பன்னிரண்டு அடி ஒன்பதேகால் அங்குலம்."

மூலையிலிருந்து ஒருவர், "மிஸ் செட்செல் தப்புப் பண்ணிட்டாங்களா? ஒயின் கொண்டு வாடா, கொண்டாடணும்!" என்றார். சிரிப்பு எழுந்தது. அவள் அது அடங்கும்வரை நின்றாள். பிறகு ஏப்ரல் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். பத்தாவது வரி வந்தபோது சிரித்தவர்கள் தங்கள் வீட்டு வாசற்படிகளை மனத்தில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் தெரிந்தது.

"என்ன சொல்றா?" என்று லெப்லா பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

"ஊர் முழுகுதாம்!"

"எப்போ?"

"இப்போதான்!"

பிங்ஹாம் பேனா மூடியைத் திருகினார். "மிஸ் செட்செல், குத்தமா நினைக்காதீங்க. பதினேழு வருஷம் உங்க ஏடு தப்புன்னு நீங்களே சொல்றீங்க. இன்னிக்கு அதே ஏட்டை நம்பச் சொல்றீங்களே?"

"நான் பார்த்தது தப்பில்ல. அதுக்கு என்ன அர்த்தம்னு நினைச்சதுதான் தப்பு. பார்த்ததை அப்படியே எழுதி வச்சதாலதான் இப்போ திருத்த முடியுது." தண்ணீர் ஒரு மிடறு குடித்தாள். "உயரம் கூடக்கூட டீசலோட பலம் குறையுது. 1924ல இந்த நீராவி எஞ்சின் தேவையற்றதாத்தான் இருந்தது. அது நின்ன இடத்துலேயே நின்னுச்சு. தேவைதான் வளர்ந்து அதுகிட்ட வந்திருக்கு. இன்னிக்கு அது ஸ்பேர். அப்படித்தான் கையெழுத்துப் போடுவேன்."

"ஸ்பேர்னா ஓடணும். அந்தச் சக்கரம் தண்ணியையே தொடறதில்ல."

"வயலோட வாய்க்கால் தண்ணியும் இறங்கிடுச்சே, சாதாரண நாள்ல தொடாது" என்று கதவோரத்திலிருந்து வால்டர் சொன்னார். "வெள்ளத்துல தண்ணி தானா ஏறி வந்து அதைத் தொடும் ஐயா."

"பார்த்திருக்கீங்களா?"

"அவ்வளவு பெரிய வெள்ளத்தை என் அப்பா பார்த்திருக்கார்."

"அவரைக் கூப்பிட முடியுமா?"

"முடியாது. எழுபது அடி தள்ளிக் கல்லறையில இருக்கார்."

மறுபடியும் சிரிப்பு. எந்தப் பத்தி என்று வாரியம் அன்றே முடிவு செய்யவில்லை. இரும்புக்காரர்கள் மார்ச் 25 அன்று வரட்டும், அதற்குள் எஞ்சின் ஒரு வாளி தண்ணீராவது தூக்கிக் காட்டினால் ஸ்பேர், இல்லையென்றால் பிங்ஹாம் எழுதியதே நிற்கும். லெப்லா மேசையைத் தட்டினார்.

டிசம்பர் வறண்டது. ஜனவரியில் தூறல். பிப்ரவரியில் பனி விழுந்தது, கிடந்தது. இரும்புக்காரர்கள் அளவெடுத்துப் போனார்கள். ஒருவன் கொதிகலனில் சுண்ணாம்புக்கட்டியால் வெட்டும் கோடு போட்டான். வால்டர் அதை அழிக்கவில்லை. அந்தப் பக்கம் பார்ப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 12, பனி உருகத் தொடங்கியது. கூடவே தென்மேற்கிலிருந்து மழை. இரண்டு டீசல்களும் நிற்காமல் ஓடின. 15ஆம் தேதி காலை வாய்க்கால் மட்டம் அளவுக்கம்பத்தின் எச்சரிக்கைக் குறிக்கு மேல் நான்கு அங்குலம். ஆலிவ் கொதிகலன் அறைக்குப் போனாள்.

"நெருப்பு மூட்டுங்க."

"தலைவர் உத்தரவு வேணுமே, மிஸ்?"

"தலைவர் வீட்டுக்குப் போற வழியில தண்ணி. கொதிகலன் சூடாக ஒரு நாள் ஆகும். மூட்டுங்க. உத்தரவு இல்லாம நான் சொன்னேன்னு எழுதி வைக்கறேன்."

"உங்க வேலை போயிடும்."

"அதையும் எழுதி வைக்கறேன்."

16ஆம் தேதி காலை எட்டு மணி: குறிக்கு மேல் பதினோரு அங்குலம். தாழ்ந்த வயல்களில் தண்ணீர் பளபளத்தது. கட்ஃபோர்த் குடும்பம் பசுக்களை ஆற்றங்கரைமேல் ஏற்றிவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றது. இரண்டு மணி நேரத்துக்கு ஓர் அங்குலம் ஏறிக்கொண்டிருந்தது.

பத்து இருபதுக்கு வால்டர் நீராவியைத் திறந்தார். முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு மேலே இருந்த இரும்புத் துலாம் தலை சாய்ந்தது. முப்பத்துமூன்று அடிச் சக்கரம் ஓர் அங்குலம் நகர்ந்து, யோசித்து, பின் சுற்றியது. துடுப்பு காற்றை அள்ளவில்லை. தண்ணீர் அதன் உயரத்துக்கு வந்து காத்திருந்தது. ஒவ்வொரு துடுப்பும் ஒரு வண்டிக் கறுப்புத் தண்ணீரை அள்ளி, தூக்கி, ஆற்றின் பக்கம் எறிந்தது. செங்கல் தரை அதிர்ந்தது. ஆலிவின் மேசையில் மைக்கூடு நடந்து போனது. கரைமேல் நின்ற பசுக்கள்கூடத் தலையைத் திருப்பிப் பார்த்தன. ஆலிவ் கையில் கடிகாரத்தோடு அளவுக்கம்பத்தின் அருகே நின்றாள். முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைக்கத் தோன்றவில்லை.

பன்னிரண்டு மணி: பன்னிரண்டு அங்குலம். ஒரு மணி: பன்னிரண்டு. இரண்டு மணி: பதினொன்றரை.

இரண்டே காலுக்குப் பிங்ஹாம் ஒரு படகில் வந்து இறங்கினார். தொடை வரை நனைந்திருந்தார். சக்கரத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பேனாவை எடுக்கவே இல்லை. பிறகு உள்ளே வந்து, எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

"ஒத்துக்கறேன், மிஸ் செட்செல்! ஸ்பேர்! நானே மாத்தி எழுதறேன்!"

"வேண்டாம்!"

"என்னது?"

"அதுவும் தப்பு!" ஆலிவ் படிவத்தை எடுத்து விரித்தாள். "ஸ்பேர்னா ஒண்ணு நின்னா அதுக்குப் பதிலா ஓடறது. டீசல் ஒண்ணும் நிக்கல. ரெண்டும் முழு பலத்தோட ஓடுது. மூணும் சேர்ந்து ஓடித்தான் ரெண்டு மணி நேரத்துல அரை அங்குலம் இறங்கியிருக்கு. இதுல எது தேவைக்கு மேல? சொல்லுங்க, எது?"

பிங்ஹாம் படிவத்தைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். "அப்போ எந்தப் பத்தியில போடறது?"

"எதுலயும் இல்ல. இந்தத் தாள்லயே அது வரக் கூடாது. நவம்பர்ல ஸ்பேர்னு சொன்னது என் தப்பு."

"தேவையான பொருளுக்கு எங்ககிட்ட படிவம் கிடையாதே, மிஸ்."

"அச்சடிங்க."

அவர் சிரித்துவிட்டார். நாற்பத்தொன்றாம் வரியின் மேல் ஆலிவ் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தாள். தரை அதிர்ந்ததால், அவள் இழுத்த கோடுகளிலேயே அந்த ஒன்று மட்டும் நேராக இல்லை. ஓரத்தில் 'நீக்கப்பட்டது' என்றும், தேதியும் மணியும், காரணம் என்ற இடத்தில் 'தேவை' என்றும் எழுதினாள். பிங்ஹாம் கீழே கையெழுத்துப் போட்டார்.

"எழுதி முடிச்சாச்சுன்னா வழி விடுங்க ரெண்டு பேரும்" என்றார் வால்டர், கரி மண்வெட்டியோடு பின்னால் நின்றபடி. "இன்னும் பதினொன்றரை அங்குலம் இருக்கு."